திறக்காத தபால் ஓட்டு

அந்தக் கண்டக்டர் என்னையப் பாத்து, "பிரசிடெண்ட்டு, சில்லறை இருக்குதுங்களா"ன்னு கேட்டானே, காதுல விழுந்துச்சுங்களா? அதக் கேட்டுட்டுத்தான நீங்க எந்திரிச்சு ஜன்னலோரமா எனக்கு எடம் விட்டீங்க. உக்காருங்க, உக்காருங்க. நான் பிரசிடெண்ட்டு இல்லீங்க. அவன் கிண்டல் பண்றான். இந்த ரூட்டுல ஓடற கண்டக்டரு, டிரைவரு, கள்ளிமேட்டு ஸ்டாப்புல டீ ஆத்தறவன், அத்தனை பேருக்கும் ஒரு மாசமா நான்தானுங்க சிரிப்பு. வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சறதுன்னு சொல்லுவாங்கல்ல, அது இப்படித்தான் பல்லக் காட்டிட்டு வரும்.

நான் கருக்கம்பாளையமுங்க. நாச்சிமுத்துன்னு பேரு. தறி ஓட்டறோம். பஞ்சாயத்து பிரசிடெண்ட் எலெக்‌ஷன்ல நின்னேன், தோத்தேன். தோக்கறது ஒன்னும் அதிசயமில்லீங்க. ஊருக்கு ஊரு நாலு பேரு தோத்துட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிட்டுப் போயிட்டுத்தான் இருக்கறான். ஆனா நான் தோத்த மாதிரி ஒருத்தனும் தோத்திருக்க மாட்டான். ஓட்டுல தோக்கல நான். சமம். அவனுக்கும் எழுநூத்திப் பதினெட்டு, எனக்கும் எழுநூத்திப் பதினெட்டு. சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க, அதுல தோத்தேன்.

நீங்க எங்க எறங்கறீங்க? பஸ் ஸ்டாண்டுங்களா. நான் அதுக்கு முந்துன ஸ்டாப்பு, ஜில்லா கோர்ட்டு. இந்த எலெக்‌ஷன் விசயமாத்தான் போறேன். கேஸு போடறதுன்னா இன்னைக்குப் போடோணும், இன்னைக்கு விட்டா அப்பறம் கோர்ட்டு வாங்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. இன்னும் நெம்ப தூரம் இருக்குது. சொல்றேன், கேளுங்க. நாயம் எந்தப் பக்கம்னு வெளியூரு ஆளு நீங்கதான் சொல்லோணும். எங்கூருல நாயம் செத்து நெம்ப நாளாச்சு.

இந்த நாக்காலிக்கு நான் பதினஞ்சு வருசமாக் காத்துக் கெடந்தவனுங்க. ஒரு தடவை பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கிப்போட்டாங்க. மரகதத்தை நிறுத்துங்கன்னு நாலு பேரு சொன்னாங்க, மரகதம் என்ற சம்சாரம். சோத்துக்கு உப்புப் போட்டமா இல்லையான்னே நெனப்பில்லாதவளைக் கொண்டுபோயி பிரசிடெண்ட்டு ஆக்கறதான்னு நான்தான் வேண்டாமுன்னுட்டேன். அடுத்த தடவை வேற ஒதுக்கீடு. இந்தத் தடவைதான் பொதுன்னு வந்துச்சு. எனக்கு அறுவது தாண்டியாச்சு. மறுக்கா அது எப்பச் சுத்திட்டு வருமோ, வர்றப்ப நான் நடமாட்டமா இருப்பனோ என்னமோ.

எதுத்து நின்னவன் கோழிப்பண்ணை அவினாசியப்பன். எனக்குப் பங்காளி மொறை. ஊருல போர்த் தண்ணி வத்துனப்ப என் காசுல மோட்டாரு எறக்குனவன் நான். அவன் எறக்குனது பூராவும் கோழிதான். ஓட்டுக்கு முந்தி வீட்டுக்கு ஒரு கோழி எறக்குனான். அதைத் தின்னு ஏப்பம் விட்டுட்டு, "உங்களுக்குத்தானுங்க போட்டோம்"னு எங்கிட்டயே வந்து சொன்ன ஆளுக இருக்கறாங்க. ஜனங்களைப் பத்தி எனக்கு யாரும் பாடம் சொல்லோண்டாமுங்க.

ஆனா இந்தக் கதை பெட்டி ஓட்டுல இல்ல. தபால் ஓட்டுல இருக்குது. தபால் ஓட்டுன்னா எப்படின்னு தெரியுமுங்களா? எங்கூரு லிஸ்டுல பேரு இருக்கும், ஆனா எலெக்‌ஷன் அன்னைக்கு வேற ஊரு பூத்துல டூட்டி பாக்கப் போயிருவாங்க, வாத்தியாருங்க, டீச்சருங்க, அந்த மாதிரி ஆளுங்க. அவங்களுக்கு ஓட்டுச் சீட்டை முந்தியே குடுத்துருவாங்க. டிக் அடிச்சு ஒரு சின்னக் கவருல போட்டு ஒட்டோணும். கூடவே ஒரு உறுதிமொழித் தாளு. அதுல கையெழுத்துப் போட்டு, ஹெட்மாஸ்டரு மாதிரி ஒரு ஆபீசருகிட்ட, 'இன்னாரு என் முன்னால கையெழுத்துப் போட்டாங்க'ன்னு சான்று வாங்கோணும். தாளையும் சின்னக் கவரையும் சேத்துப் பெரிய கவருல போட்டு அனுப்போணும். எண்ணறப்ப மொதல்ல தாளைத்தான் பாப்பாங்க. தாளு சரியா இருந்தாத்தான் சின்னக் கவரைப் பிரிப்பாங்க. தாள்ல கோளாறுன்னா, சின்னக் கவரைப் பிரிக்காம அப்படியே ஒதுக்கிக் கட்டி சீல் வெச்சிருவாங்க. உள்ள யாருக்குப் போட்டிருக்குதுன்னு அப்பறம் யாரும் பாக்க முடியாது.

இதெல்லாம் படிச்சவனுக்கே தெரியாது. எனக்குத் தெரியும். வேட்பாளருக்கெல்லாம் கூட்டம் போட்டுச் சொன்னாங்க, அவினாசியப்பன் கடைசி பெஞ்சுல உக்காந்து போன் நோண்டிட்டு இருந்தான், நான் முன்னால உக்காந்து ஒவ்வொன்னாக் கேட்டு மண்டையில ஏத்திக்கிட்டேன். ஏன்னா தபால் ஓட்டு ஒன்னுகூட எனக்கு வராதுன்னு தெரியும். எங்கூருப் பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க லேட்டா ஒம்போதரை மணிக்குத்தான் வர்றாங்கன்னு மேல எழுதிப் போட்டவன் நான். அந்த இனம் மொத்தமும் என்மேல காண்டுல இருக்குது. அதனால, கவருல எத்தனை கோளாறு கண்டுபுடிக்கறமோ அத்தனையும் நமக்கு லாபம்னு முடிவு பண்ணிட்டுத்தான் எண்ணற எடத்துக்கே போனேன். தப்புங்களா? சட்டத்துல இருக்கறதைத்தான கேக்கறேன்.

ஒரு காலேஜுல வெச்சு எண்ணுனாங்க. தபாலைத்தான் மொதல்ல எடுத்தாங்க. ஆபீசரு ஒரு அம்மாங்க. மெதுவாப் பேசறவங்க, கண்ணாடியைத் தலைமேல ஏத்தி விட்டுட்டு அது எங்கேன்னு தேடறவங்க. எங்க பஞ்சாயத்துக்கு மொத்தமே அஞ்சு கவரு. மொதல் கவருல தாளே இல்ல, தாளைச் சின்னக் கவருக்குள்ளயே வெச்சு ஒட்டிப்புட்டான் ஒரு வாத்தியான். போச்சு. பசங்களுக்கு இவன் என்னத்தைச் சொல்லிக் குடுப்பான் பாத்துக்குங்க. அடுத்ததுல சான்று பண்ணுன ஆபீசரு சீல் இல்ல. நான்தான் எடுத்துச் சொன்னேன். "கரெக்ட்டுங்கய்யா"ன்னு அந்த அம்மாவே சொல்லிட்டு அதையும் ஒதுக்குனாங்க. மூணாவது சரியா இருந்துச்சு, பிரிச்சாங்க, கை உருளை. அது அவினாசியப்பன் சின்னம். நாலாவதும் சரி, அதுல ஆட்டோ. என் சின்னமுங்க. எனக்கே ஆச்சரியம், எவனோ ஒரு நல்ல வாத்தியாரு இருந்திருக்கான்.

அஞ்சாவது கவரு. அந்த அம்மா தாளை எடுத்துச் சத்தமாப் படிச்சாங்க. "நா. கோகிலவாணி. பட்டதாரி ஆசிரியை."

தண்ணி பாட்டிலு வெச்சிருக்கறீங்களா? குடுங்க. வெயிலு.

அது யாருன்னு கேக்கறீங்க. சொல்லத்தான் வேணும், இல்லீன்னா உங்களுக்குக் கதை புரியாது. எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சுங்க. ஒரே பொண்ணு. பி.எட். வரைக்கும் படிக்க வெச்சேன். பஸ்ஸுல பசங்க தொந்தரவுன்னு காலேஜுக்கு நானே டிவிஎஸ் வண்டில கொண்டுபோயி விட்டு, நானே போயிக் கூட்டிட்டு வருவேன். வேலை கெடைச்ச பள்ளிக்கூடத்துல ஒருத்தன் கூட வேலை பாத்தான். வேற ஆளுங்க. புரியுதுங்களா, வேற ஆளுங்க. பையன் நல்ல பையன்தானாமா. பீடி சிகரெட்டு கெடையாதாமா. அதெல்லாம் இருந்து என்ன பண்றது? நாலு பேரு மத்தியில நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு நிக்கறது? ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம் முடிஞ்சுதுன்னு சேதி வந்த அன்னைக்கு, வாய்க்காலுக்குப் போயித் தலை முழுகிட்டு வந்துட்டேன். செத்ததுக்கு முழுகற மாதிரிதான். மரகதத்தையும் கூப்பிட்டேன். அடுப்புல பால் இருக்குதுன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டா. அது ஆச்சு, ஆறு வருசம்.

போனவ ஓட்டையும் அங்க மாத்திட்டுப் போக வேண்டியதுதானங்க? மாத்தல. ஊருக்குள்ள காலு வெக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு, ஆனா லிஸ்டுல இன்னமும் என் வீட்டு நம்பருக்கு நேராத்தான் அவ பேரு, தகப்பன் பேரு நாச்சிமுத்துன்னு. எதுக்கு விட்டு வெச்சிருக்கறா? சொத்துல கண்ணு. வேற என்ன காரணம் இருக்குங்க? எம்.பி. எலெக்‌ஷனுக்கு வந்தாளுங்க. பள்ளிக்கூடத்துல வரிசைல நின்னா, இடுப்புல ஒரு பையன். என் காது மாதிரியே காதுன்னு எவனோ சொன்னான். நான் பாக்கல. நான் அந்தப்பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டேன். வரிசை நகரவே மாட்டேங்குது, அவ்வளவு வெயிலு, அந்தக் கொழந்தைக்குத் தலையில ஒரு துணியக்கூடப் போடல அவ. அந்த லட்சணத்துல வளக்கறா.

சரி, கவருக்கு வர்றேன். பேரைப் படிச்சதும் டேபிளைச் சுத்தி நின்ன அத்தனை பேரும் என்னையப் பாத்தாங்க. நான் தாளைப் பாத்தேன். கையெழுத்து அவளதுதான். அந்த 'நா'வுக்குக் காலை இழுத்து நீட்டி விடுவா, ஒன்னாப்புலருந்து அப்படித்தான், எத்தனை அடிச்சாலும் மாத்தல. கீழ ஹெட்மாஸ்டரு சான்று. அதுல, 'பி. கோகிலவாணி என் முன்னிலையில் கையொப்பமிட்டார்'னு எழுதி சீல் போட்டிருக்குது. அந்தப் பையன் பேரு 'பி'யில தொடங்குமாட்ட இருக்குது. எனக்கென்ன தெரியும், பிரபாகரோ பிரதாபோ. பள்ளிக்கூடத்து ரிக்கார்டுல புருசன் இனிஷியலு, ஓட்டர் லிஸ்டுல தகப்பன் இனிஷியலு. ரெண்டும் ஒரே தாள்ல மேலயும் கீழயும் உக்காந்துட்டு இருக்குது.

கைய ஒசத்துனேன். "மேடம், ஆட்சேபணை. கையெழுத்துப் போட்டது ஒருத்தரு, சான்று குடுத்தது வேற ஒருத்தருக்கு"ன்னேன்.

அந்த அம்மா தலைமேல இருந்த கண்ணாடிய எறக்கிப் போட்டு, ரெண்டு தடவை பாத்தாங்க. "இனிஷியல்தாங்கய்யா மாறியிருக்கு. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இது சகஜம். ரெண்டும் ஒரே ஆளுதான்னு தெரிஞ்சவங்க யாராவது சொன்னா எடுத்துக்கலாம்"னாங்க.

அவினாசியப்பன் முந்திட்டான். "மேடம், அது இவரு பொண்ணுதாங்க. ஊருக்கே தெரியும். ரெண்டும் ஒரே ஆளுதான். கவரைப் பிரிங்க"ன்னான்.

இப்ப நீங்க சொல்லுங்க. என் பொண்ணு ஓட்டுக்கு அவன் எதுக்கு வக்காலத்து வாங்கறான்? அவனுக்குத்தான் விழுந்திருக்கும்னு அவனுக்குத் தெரியும். அவனுக்கே தெரியறப்ப எனக்குத் தெரியாதா? தலை முழுகுன அப்பனுக்கு எவளாவது ஓட்டுப் போடுவாளா? பழி தீத்துக்கறதுக்கு அவளுக்கு ஒரு சீட்டு கெடைச்சிருக்குது, விடுவாளா? நானா இருந்தா விட மாட்டேன். அவ என்னைய மாதிரிதான், புடிச்சா புடிச்சதுதான்.

அந்த அம்மா எங்கிட்டத் திரும்பி, "இவங்க உங்க பொண்ணுங்களாய்யா?"ன்னு கேட்டாங்க.

நான் அந்தத் தாளையே பாத்துட்டு நின்னேன்.

"நீங்க ஆமான்னு சொன்னாப் போதும். நான் பிரிச்சுர்றேன்."

அவினாசியப்பன் ஒரு மாதிரி சிரிச்சுட்டு நிக்கறான். அவன் ஆளு ஒருத்தன், "பெத்த பொண்ணைத் தெரியலைங்கறாரா பாருங்கடா"ன்னான்.

"எனக்குப் பொண்ணு இல்லீங்க"ன்னேன்.

அந்த அம்மா உடனே எழுதிடல. பேனாவ மூடுனாங்க, தொறந்தாங்க. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கய்யா. நான் இதை எழுதிக்கணும்"னாங்க. என்னமோ நான் கோவத்துல பேசறவன் மாதிரி. "எழுதிக்குங்க. எனக்குப் பொண்ணு இல்ல. இது யாருன்னு எனக்குத் தெரியாது"ன்னேன். எழுதுனாங்க. கீழ கையெழுத்துக் கேட்டாங்க, போட்டேன். அந்தச் சின்னக் கவரை எடுத்து ஒதுக்குனதோட சேத்து வெச்சாங்க. பழுப்புக் கலருக் கவரு. ஓரத்துல பசை கொஞ்சம் வழிஞ்சு காஞ்சிருந்துச்சு. அவ எதை ஒட்டுனாலும் அப்படித்தான், ரெண்டு பங்கு பசை போடுவா.

அவினாசியப்பன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. அதைப் பாத்தப்ப எனக்கு இருந்த சந்தோசம் இருக்குதே. ஒரு ஓட்டை அவன் வாயிலிருந்து புடுங்கிட்டோம்னு இருந்துச்சு. ஆமாங்க, சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அப்பறம் பெட்டிய ஒடைச்சு, பிரசிடெண்ட் ஓட்டுக்குன்னு குடுத்த ரோஸ் கலர் சீட்டுகளை எண்ணுனாங்க. ஒரு பெட்டி எனக்கு ஏறும், அடுத்தது அவனுக்கு ஏறும். மத்தியானம் சோறு திங்காம நின்னோம். முடிவுல பாத்தா சமம். மறு எண்ணிக்கை கேட்டேன். திரும்ப எண்ணுனாங்க, திரும்பவும் சமம். எழுநூத்திப் பதினெட்டு, எழுநூத்திப் பதினெட்டு. சட்டப்படி சீட்டுக் குலுக்கறதுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு துண்டுத் தாள்ல ரெண்டு பேரு பேரையும் எழுதி, ஒரே மாதிரி மடிச்சு, டீ குடிக்கற எவர்சில்வர் டம்ளர்ல போட்டு, ஒரு பொம்பளைப் போலீஸைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னாங்க. யாரு பேரு வருதோ அவங்களுக்கு ஒரு ஓட்டுக் கூடுதல். அந்தப் புள்ள கண்ண மூடிட்டு எடுத்துச்சு. அவினாசியப்பன்.

பதினஞ்சு வருசத்தை ஒரு டீ டம்ளருக்குள்ள போட்டு முடிச்சுப்போட்டாங்க.

வெளிய வந்தா பட்டாசு. எங்கூரு ஆளுக பட்டாசு வெடிக்கறதுக்குள்ளயே கணக்குப் போட்டு முடிச்சுட்டானுங்க. "அந்தக் கவரைப் பிரிச்சிருந்தா?" அதுதான் பேச்சு. டீக்கடைல பேச்சு, தறிக் குடோன்ல பேச்சு, கோயில்ல பேச்சு. தவளை தன் வாயால கெட்டுச்சுன்னு என் காதுபடவே சொல்றானுங்க. பிரிச்சிருந்தா ஒரு ஓட்டுல நேரடியாத் தோத்திருப்பனுங்க, அது ஒருத்தன் மண்டையிலயும் ஏறல. நான் தடுத்ததால சமம் வரைக்குமாவது வந்துச்சு. டம்ளர்ல என் பேரு வந்திருந்தா, நாச்சிமுத்து என்ன சாமர்த்தியம்னு இதே வாயிங்கதான் சொல்லியிருக்கும். நாயமாப் பாத்தா அன்னைக்கு நான் பண்ணுனது கெட்டிக்காரத்தனம். இல்லீங்களா?

நீங்க வெளிய பாக்கறீங்க. பரவால்ல.

வீட்டுக்குப் போறதுக்குள்ள மரகதத்துக்கு ஆளு போயிச் சொல்லிட்டாங்க. தோத்ததை இல்ல, மத்ததை. வாசல்லயே நின்னுட்டு இருந்தா. "பொண்ணு இல்லைன்னா சொன்னீங்க?"ன்னா. நான் செருப்பக் கழட்டிட்டு இருந்தேன். "நான் பெத்தனுங்க"ன்னா. அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வருசக் குடித்தனத்துல அவ எங்கிட்ட எதுத்துப் பேசுனது அது ஒன்னுதான். அதுக்கப்பறம் பேச்சில்ல. சோறு வெப்பா, தண்ணி வெப்பா, போயிருவா. தோத்துட்டு வந்தவனுக்கு வீட்டுல கெடைக்கற மரியாதையப் பாத்தீங்களா? ஊரு சிரிக்குது, இவ மொறைக்கறா. என் பக்கம் ஒருத்தி வேண்டாமா?

ஒரு நாளு போன்ல யாருகிட்டயோ சொல்லிட்டு இருந்தா, பக்கத்து ரூம்புல இருந்து கேட்டேன். தபால் ஓட்டுச் சீட்டு வந்த அன்னைக்கு அந்தப் புள்ள இவளுக்குப் போன் பண்ணுச்சாமா. "போட்டுட்டேம்மா"ன்னுச்சாமா. யாருக்குன்னு இவ கேட்டிருக்கறா. "டீச்சரே அதச் சொல்லலாமா?"ன்னு சிரிச்சுச்சாமா. அதுல என்னங்க சிரிப்பு? அப்பனைக் கவுத்துட்டோம்னு சிரிப்பு. வேற எதுக்குச் சிரிக்கும்? மரகதம் அதச் சொல்லிட்டு அழுவறா. எனக்கு ஒன்னும் புரியல.

அப்பறம்தான் இந்த வக்கீலு. சென்னியப்பன்னு பேரு, எனக்குத் தூரத்துச் சொந்தம். அவரா வீடு தேடி வந்தாரு. "அண்ணா, கவரு இன்னும் சீல் வெச்ச பையில பத்திரமாத்தான் இருக்குது. கேஸு போட்டு, அதைத் தப்பா ஒதுக்கிட்டாங்கன்னு சொல்லி, கோர்ட்டு முன்னால பிரிக்கச் சொல்லலாம். ஆட்டோவுக்கு இருந்தா நீங்க ஒரு ஓட்டு அதிகம், நீங்கதான் பிரசிடெண்ட்டு. கை உருளைக்கு இருந்தா, தோத்தவரு தோத்தவருதான், புதுசா என்ன போயிரப் போகுது? மயிரைக் கட்டி மலைய இழுக்கறதுதான. வந்தா மலை, போனா மயிரு"ன்னாரு.

கேக்கறதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. சரின்னுட்டேன். ஒரு வாரம் எனக்குத் தூக்கம்கூட வந்துச்சுங்க.

மனு டைப் அடிச்சுட்டுக் கூப்பிட்டாரு. போயிப் படிச்சேன். மூணாவது பாராவுல நிக்குது. 'மேற்படி கோகிலவாணி மனுதாரராகிய எனது மகள் ஆவார். நா. என்பது என் பெயரின் முதலெழுத்து. எண்ணிக்கையின்போது நான் கூறியது உண்மைக்குப் புறம்பானது.' அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடோணும், சத்தியம் பண்ணோணும். எப்படி இருக்குது பாருங்க! "இந்தப் பாராவ எடுத்துப்போடு சென்னியப்பா"ன்னேன். "அதை எடுத்தா மனுவே இல்லீங்கண்ணா. நீங்க வேண்டாமுன்னு எழுதிக் குடுத்துத்தான் அதை ஒதுக்கியிருக்கறாங்க. இப்ப நீங்களே ஆமான்னு சொன்னாத்தான் கோர்ட்டு காது குடுக்கும், அதுவும் கொஞ்சந்தான் குடுக்கும். அந்தப் புள்ளையும் வந்து, நாந்தான் போட்டேன், இவருதான் எங்கப்பான்னு சொல்லோணும்"னாரு.

"அவ எதுக்கு வர்றா"ன்னேன்.

"நான் பேசிட்டேனுங்கண்ணா. எப்ப வேணாலும் வர்றேன்னு சொல்லிருச்சு. லீவு போட்டுட்டு வர்றேன்னுச்சு"ன்னாரு.

நீங்களே யோசிங்க. என்னையக் கவுத்தவ, கோர்ட்டுல கவரைப் பிரிக்கறதுக்கு லீவு போட்டுட்டு வருவாளா? பிரிச்சா அவ பண்ணுன துரோகம் அத்தனை பேரு முன்னால வெளிய வந்துருமில்ல? அதுக்கு எவளாவது... ஒருவேளை, அதைத்தான் காட்டோணும்னு வர்றாளோ என்னமோ. எங்கப்பனுக்கு நான் போடல, பாத்துக்குங்கன்னு ஜட்ஜு முன்னால காட்டறதுக்கு. அப்படித்தான் இருக்கோணும். அப்படித்தானுங்க இருக்கும்.

ஆறு வருசத்துல எனக்கு ஒரு போன் பண்ணியிருப்பாளாங்க? நம்பரு அதே நம்பருதான், நான் மாத்தல. கம்பெனிக்காரன் எத்தனையோ ஆபரு சொன்னான், மாத்தல. பண்ணுனா எடுத்திருப்பனா இல்லையாங்கறது வேற விசயம். பண்ணோணுமா இல்லையா? வக்கீலுக்கு வர்றேன்னு சொல்லத் தெரியுது, அப்பனுக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியல.

இருங்க, போன் அடிக்குது. சென்னியப்பன்தான்.

"சொல்லு... பஸ்ஸுல வந்துட்டு இருக்கறேன்... பக்கத்துல வந்தாச்சு... என்னது? எப்ப வந்தா? காத்தாலயேவா? அவ எதுக்கு இன்னைக்கே வந்தா, இன்னைக்கு மனுதான குடுக்கறோம்?... சாப்பிட்டாளா? அதுக்கில்ல, சும்மா கேட்டேன்... மரகதமா? மரகதம் எங்க அங்க வந்தா? அவ தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னுட்டுல்ல போனா... சரி. சரி. வையி."

பாருங்க, எல்லாரும் கூடி நிக்கறாங்க. கோர்ட்டு வாசப்படில, வேப்பமரத்தடில, மூணு பேரு. அந்தப் பொடியனையும் சேத்தா நாலு பேராமா. நான் போயி மூணாவது பாராவுக்குக் கீழ கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது. கவரைப் பிரிச்சு ஆட்டோவுக்கு இருந்தா நான் பிரசிடெண்ட்டு. ஊரு என்ன சொல்லும்? தலை முழுகுனவ போட்ட பிச்சைல உக்காந்திருக்கறான்னு சொல்லும். அஞ்சு வருசமும் சொல்லும். வேண்டாமுங்க. அவினாசியப்பனே கோழி வித்துட்டு உக்காந்திருக்கட்டும்.

கேக்குது, கேக்குது. கோர்ட்டு ஸ்டாப்புன்னு கத்தறான், எனக்கென்ன காது செவுடா? அதோ தெரியுது வேப்பமரம். கண்டக்டர், நீ விசில் அடிச்சு வண்டிய எடுப்பா, இங்க யாரும் எறங்கல.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? நாள் இன்னைக்கோட முடியுதுன்னு எனக்குத் தெரியாதா? எறங்கிப் போங்கன்னு சொல்றதுக்கு உங்களுக்கு லேசு. அந்தக் கவருக்குள்ள அவ அவினாசியப்பனுக்குத்தான் போட்டிருக்கறான்னு எனக்கு நெசமா நம்பிக்கை இருந்திருந்தா, எப்பவோ நானே ஓடிப் போயி, அத்தனை பேரு முன்னால அதைப் பிரிக்கச் சொல்லியிருக்க மாட்டனுங்களா?